சனம் கூடியதா, குறைந்ததா? வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் அடர்த்திக் கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் ஒரு அன்ரி இருக்கிறார். லிஃப்ட் பழுதான ஒரு நாள் இருவரும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடியில் நின்று இளைப்பாறியபோது சொன்னார்: "தம்பி, நான் கலியாணம் முடிச்சு இந்த ஒழுங்கைக்கு வரேக்க மொத்தம் பத்து வீடுதான். கார் ஒண்டு உள்ள வந்தா ஆர் வீட்டுக்கு எண்டு எல்லாரும் எட்டிப் பாப்பம். இப்ப சனம் எண்டா சனம், நடக்கேலாது."

நான் கொஞ்சக் காலம் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பித்தவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அன்ரி, 2001க்கும் 2012க்கும் இடையில கொழும்பு நகரத்தில சனம் குறைஞ்சிருக்கு. கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

"அப்ப என்ர கண் பொய் சொல்லுதே?"

மிச்சப் படிகளை ஏறும்வரை அவர் பேசவில்லை. அன்று அவருக்குச் சொல்ல நினைத்து, மூச்சில்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய கண் பொய் சொல்லவில்லை. கணக்கெடுப்பும் பொய் சொல்லவில்லை. சனத்தொகை மாற்றம், சனத்தொகை அடர்த்தி என்ற இரண்டையும் சரியாக விளங்கிக்கொண்டால் இரண்டும் ஒரே ஒழுங்கைக்குள் சண்டையில்லாமல் இருக்கும்.

முதலில் நகரத்தின் எண்கள். கொழும்பு மாநகர சபை எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2001 தொகைமதிப்பில் அதற்குள் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2012இல் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம். எட்டுப் பேரில் ஒருவர் இல்லாமல் போன மாதிரி. இதே காலத்தில்தான் காலி வீதியின் இரு புறமும் ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்மாடி எழும்பியது. கட்டடம் கூடுகிறது, சனம் குறைகிறது. அன்ரி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

சனத்தொகை மாற்றம்: நாலு கதவு உள்ள வீடு

ஒரு இடத்தின் சனத்தொகை நாலு வழியில் மட்டுமே மாறும். பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. வேறு கதவு கிடையாது. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் வருவதை இயற்கை அதிகரிப்பு என்பார்கள். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் வருவது தேறிய இடப்பெயர்வு. இரண்டையும் கூட்டினால் அந்த இடத்தின் மாற்றம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்குத்தான்.

நாடு முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போடும்போது முதல் இரண்டு கதவுகளும் பெரிய வேலை செய்கின்றன. இலங்கையில் 2012 அளவில் வருடத்துக்கு மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2024இல் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரமாக இறங்கிவிட்டது. இவ்வளவு குறுகிய காலத்துக்குள் இப்படி ஒரு சரிவு சாதாரணமானதல்ல. முதலாம் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளின் தொகையில் இதைப் பாடசாலைகள் பார்க்காமல் இருக்க முடியாது.

ஒரு நகரப் பகுதி என்று வரும்போது, அதுவும் வெள்ளவத்தை போன்ற இடமென்றால், பிறப்பும் இறப்பும் பின்னுக்குப் போய்விடும். வருவதும் போவதும்தான் எல்லாம். எங்கள் பகுதியின் கதையை இந்தக் கதவில் நின்று பார்த்தால்தான் விளங்கும். 1983 கலவரத்தில் கொழும்புத் தமிழர் பலர் வீட்டை விட்டு ஓடினார்கள். கப்பலில் வடக்கே போனவர்களும் உண்டு, நாட்டை விட்டே போனவர்களும் உண்டு. பிறகு போர் வடக்கில் கொழுந்துவிட்டு எரிய, திசை மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் சனம் கொழும்புக்கு வந்தது. வெளிநாட்டுக்கு விசா எடுக்கும்வரை தங்க வந்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காக வந்தவர்கள், ஷெல்லுக்குப் பயந்து வந்தவர்கள். லொட்ஜ், எனெக்ஸ், உறவினர் வீட்டு முன்னறை என்று எங்கெங்கோ இருந்தார்கள். வெள்ளவத்தைக்குக் குட்டி யாழ்ப்பாணம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

மறுமுனையில் யாழ்ப்பாண மாவட்டத்தைப் பாருங்கள். 1981இல் அங்கே 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2012இல், 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவு. முப்பது வருடத்தில் பிள்ளைகள் பிறக்காமலா இருந்தார்கள்? பிறந்தார்கள். இறந்தவர்களும் ஏராளம். ஆனாலும் இந்தப் பள்ளத்தைப் பெரும்பாலும் வெட்டியது வெளியே போகும் கதவுதான். அதில் ஒரு பங்கு இங்கே, எங்கள் ஒழுங்கைகளில் வந்து இறங்கியது. பெரிய பங்கு இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது.

2001 கணக்கெடுப்புப் போர்க்காலத்தில் நடந்தது. 2012 கணக்கெடுப்பு, போர் முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு. போரால் வந்து தங்கியவர்களில் ஒரு பகுதியினர் இடையில் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், இன்னொரு பகுதியினர் விமானம் ஏறியிருப்பார்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகள் கடையாக, அலுவலகமாக, சாப்பாட்டுக் கடையாக மாறியதை எல்லோரும் கண்ணால் கண்டோம். காணி விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தெஹிவளைக்கும் வத்தளைக்கும் போன குடும்பங்கள் எத்தனை! நகர எல்லையைத் தாண்டிய அந்த நிமிடமே அவர்கள் கொழும்பு நகரச் சனத்தொகையில் இருந்து கழிந்துவிடுகிறார்கள். அதே பஸ்ஸில் அதே வேலைக்கு ஒவ்வொரு நாளும் வந்தாலும்.

இதன் பெரிய வடிவம் 2024 தொகைமதிப்பில் வெளியே வந்தது. 2012இல் நாட்டிலேயே அதிகம் பேர் வாழ்ந்த மாவட்டம் கொழும்பு. கம்பஹா ஏறத்தாழ இருபதாயிரம் பேரால் பின்னால் நின்றது. 2024இல் கம்பஹா 24 இலட்சத்து 33 ஆயிரம், கொழும்பு 23 இலட்சத்து 74 ஆயிரம் என்று ஆரம்ப அறிக்கை சொன்னது. முதலிடம் கைமாறிவிட்டது. வத்தளையும் ஹெந்தளையும் கம்பஹா மாவட்டம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். (சும்மா ஒரு தகவல்: இலங்கையின் முதல் தொகைமதிப்பு 1871இல் நடந்தது. அப்போது முழுத் தீவிலும் இருந்தவர்கள் 24 இலட்சம். இன்று கொழும்பு மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர்.)

அடர்த்தி: மேலே ஆள், கீழே நிலம்

சனத்தொகை அடர்த்தி என்பது ஒரு பின்னம். மேலே ஆட்களின் எண்ணிக்கை, கீழே நிலத்தின் பரப்பு. வகுத்தால் வருவது சதுர கிலோமீற்றருக்கு இத்தனை பேர். கொழும்பு நகரத்துக்கு 2012இல்: 5 இலட்சத்து 60 ஆயிரத்தை 37ஆல் வகுத்தால் 15,000 சொச்சம்.

இந்த எண் பெரிதா சிறிதா என்று தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஒன்றை வைக்க வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தை வைப்போம். 2012இல் கொழும்பு நகரத்திலும் யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு சனம். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு 1,025 சதுர கிலோமீற்றர். அடர்த்தி 570 அளவு. முல்லைத்தீவு மாவட்டம் இன்னும் வேறு கதை. 2,617 சதுர கிலோமீற்றரில் 92 ஆயிரம் பேர், அடர்த்தி 35. முல்லைத்தீவில் ஒருவர் நிற்கும் நிலத்தில் கொழும்பில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சென்னையை எடுத்தால் கொழும்பு கொஞ்சம் காற்றோட்டமாகத் தெரியும். 2011இல் அப்போதைய சென்னை மாவட்டத்தின் அடர்த்தி 26,000ஐத் தாண்டியிருந்தது.

இதுவரை சுலபம். வில்லங்கம் இனித்தான். எல்லாச் சராசரிக்கும் உள்ள குணம் இதற்கும் உண்டு: யாருடைய அனுபவத்தையும் அது சொல்லாது. கறுவாத்தோட்டத்தில் மதில், தோட்டம், மரநிழல் என்று விரிந்து கிடக்கும் வீட்டையும், கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதுதான் அந்த 15,000. அதனால் சின்ன அளவுக்கு இறங்குவோம். இறங்குவதற்குச் சதுர கிலோமீற்றர் உதவாது. கொழும்பில் காணியை யாரும் சதுர கிலோமீற்றரில் பேசுவதில்லை, பேர்ச்சில்தான் பேசுகிறார்கள். 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றருக்குச் சற்று மேல், அடியில் சொன்னால் 272 சதுர அடி.

எங்கள் தொடர்மாடி நிற்கும் காணி 20 பேர்ச். அது முன்னர் அன்ரியின் புகுந்த வீடு. ஓடு போட்ட வீடு, முன்னால் விறாந்தை, பின்னால் கிணறும் ஒரு மாமரமும். மாமா, மாமி, அவர், அவருடைய கணவர், மூன்று பிள்ளைகள், ஊரில் இருந்து வந்து தங்கி வேலைக்குப் போன கணவரின் தம்பி என்று எட்டுப் பேர். 20 பேர்ச் என்பது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். எட்டுப் பேரை அதனால் வகுத்து, சதுர கிலோமீற்றருக்கு மாற்றினால் 15,800 வரும். நகரச் சராசரிக்குப் பக்கத்தில்தான். ஒற்றை மாடி வீடு, மாமரம் எல்லாம் இருந்தும்.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போக, அன்ரியும் கணவரும் காணியைக் கட்டடக்காரருக்குக் கொடுத்தார்கள். காசுக்குப் பதில் இரண்டு வீடு. வெள்ளவத்தையில் இப்படிக் கொடுத்தவர்கள் பலர். எட்டு மாடி, மாடிக்கு இரண்டு, மொத்தம் 16 வீடு. ஒரு காணியை இப்படி மாடி மாடியாகப் பிரித்துத் தனித்தனி உறுதிப்பத்திரம் முடிக்கலாம் என்பதற்கு 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டம் வழிவிட்டது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்றைய வெள்ளவத்தையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வீடு இருந்த இடத்தில் 16 வீடு. அப்படியானால் சனமும் 16 மடங்கா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 64 பேர். ஆனால் எங்கள் கட்டடத்தில் உண்மையில் இருப்பது 38 பேர். மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில். ஒன்றில் பல் வைத்தியர் இருக்கிறார், பகலில் ஆள் வரும், இரவில் இருட்டு. ஐந்து வீடுகளில் வயோதிபர் மட்டும், அந்த ஐந்தில் மூன்றில் இரண்டிரண்டு பேர், மற்ற இரண்டில் தனி ஆள். ஆறு வீடுகளில்தான் நாலு பேர் கொண்ட குடும்பம். அன்ரியின் இரண்டாவது வீட்டில் ஊரிலிருந்து வந்து படிக்கும், வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர் வாடகைக்கு. கூட்டிப் பாருங்கள்: 38.

வீடு 16 மடங்கு, சனம் ஐந்து மடங்குக்கும் குறைவு. இந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பது குடும்பத்தின் அளவு. இலங்கையில் 1981இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஐந்து பேருக்கு மேல் இருந்தார்கள். 2012இல் நாலு பேருக்கும் சற்றுக் குறைவு. குடும்பம் சுருங்கினால் அதே சனத்துக்கு அதிக வீடு வேண்டும். ஆகவே ஒரு நகரத்தில் சனம் ஒருவர்கூடக் கூடாமல் கட்டடம் மட்டும் பெருக முடியும். சனம் குறையும்போதுகூடப் பெருக முடியும். புதுக் கட்டடத்தைப் பார்த்துச் சனத்தொகையை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் எங்கள் காணியில் அடர்த்தி 75,000ஐத் தாண்டிவிட்டதே? தாண்டிவிட்டது. 38ஐ 506 சதுர மீற்றரால் வகுத்தால் அவ்வளவு வரும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காணியை மட்டும் அளந்த கணக்கு அது. வீதி, கால்வாய், பாடசாலை, மைதானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடியிருப்புக் காணியை மட்டும் கீழே போட்டு வகுத்தால் வருவது தேறிய அடர்த்தி. எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் மொத்த அடர்த்தி. முன்னது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

ஒழுங்கை அளவுக்குப் போவோம். கணக்குக்காகச் சற்று நேராக்கிச் சொல்கிறேன்: பத்துக் காணி, ஒவ்வொன்றும் 20 பேர்ச், ஒழுங்கைக்கென்று 40 பேர்ச். மொத்தம் 240 பேர்ச். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் எட்டுப் பேர் என்றால் 80 பேர், அடர்த்தி ஏறத்தாழ 13,200. இன்றைக்கு மூன்று காணிகளில் எங்களுடையது போன்ற கட்டடம், மற்ற ஏழிலும் பழைய வீடு, ஆனால் அவற்றிலும் குடும்பம் சுருங்கி நாலு பேர். 114உம் 28உம் 142. அடர்த்தி ஏறத்தாழ 23,400. காணி அளவில் ஐந்து மடங்காகத் தெரிந்தது ஒழுங்கை அளவில் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. இன்னும் விரித்து நகர அளவில் பார்த்தால், கூடிய ஒழுங்கைகளைக் குறைந்த பகுதிகள் விழுங்கி, மொத்தம் கீழே இறங்கியும் விடலாம். அன்ரி நிற்பது ஒழுங்கையில். நான் சொன்ன எண் நகரத்துக்கு. இருவரும் வேறு வேறு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வாதாடினோம்.

அதனால் அடர்த்தி என்று ஒரு எண்ணைக் கண்டால் முதலில் எந்த அளவில் என்று கேட்க வேண்டும். மாவட்டமா, பிரதேச செயலகப் பிரிவா, கிராம சேவகர் பிரிவா? கொழும்பு நகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாகவும், அவற்றுக்குள் 55 கிராம சேவகர் பிரிவுகளாகவும் பிரிந்திருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கிராம சேவகர் பிரிவு மட்டம் வரை எண்களை வெளியிடுகிறது. உங்கள் பகுதியைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த மட்டத்துக்கு இறங்குங்கள். மாவட்ட எண்ணை வைத்து ஒழுங்கையைப் பற்றிப் பேசுவது, குடும்பத்தின் சராசரி வயதைக் கேட்டுவிட்டுப் பேரனுக்குச் சப்பாத்து வாங்குவது போல.

கீழே இருக்கும் நிலமும் ஏமாற்றும்

பின்னத்தின் மேற்பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். கீழ்ப்பகுதியை யாரும் கவனிப்பதில்லை. பேர வாவியையும் காலிமுகத்திடலையும் கனத்தை மயானத்தையும் நிலக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாலே சில பிரிவுகளின் அடர்த்தி மாறிவிடும். இன்னும் வேடிக்கை துறைமுக நகரம். கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் எடுத்து, 2019இல் அதைக் கொழும்பு மாவட்டத்தோடு சேர்த்தார்கள். 2.69 சதுர கிலோமீற்றர். அதைக் கணக்கில் போட்டவுடன் யாரும் எங்கும் போகாமலே, ஒரு வீடும் காலியாகாமலே, நகரத்தின் அடர்த்தி இறங்கும். காகிதத்தில் மட்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு அங்குலம் கூட அகலாது.

மேற்பகுதியில் உள்ள ஆட்களும் அவ்வளவு நேரானவர்கள் அல்ல. தொகைமதிப்பு என்பது பொதுவாக ஒருவரை அவர் வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுகிறது, அல்லது குறித்த இரவில் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணுகிறது. எப்படி எண்ணினாலும் அது இரவுச் சனம். புறக்கோட்டையில் மத்தியானம் நின்று பாருங்கள், மெயின் வீதியில் தோளோடு தோள் இடிக்கும். இரவு ஒன்பது மணிக்குப் போனால் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் வண்டிலில் படுத்திருப்பார்கள், பூனைகள் இருக்கும். புறக்கோட்டையின் அடர்த்தி என்று அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது காட்சி. பகலில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து மாலையில் திரும்பும் பல இலட்சம் பேர் அதில் இல்லை. வெள்ளவத்தையிலும் இது உண்டு. டியூசனுக்கு வரும் பிள்ளைகள், புடவைக் கடைகளுக்கு வரும் கூட்டம், கோயில் திருவிழாச் சனம். அன்ரி "நடக்கேலாது" என்று சொன்னது இவர்களையும் சேர்த்துத்தான். அவர்களில் பலர் இரவில் வேறு பிரிவில் படுத்துத் தூங்குபவர்கள்.

எண்ணப்பட விரும்பாத காலமும் இருந்தது. வீட்டில் யார் யார் என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பி, கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த வீடுகள் போர்க்காலத்தில் இங்கே ஏராளம். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை இரவோடு இரவாக பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அப்படியான காலத்தில் கதவைத் தட்டி "எத்தனை பேர்?" என்று கேட்டவருக்கு எத்தனை வீடுகள் முழுப் பதிலைச் சொல்லியிருக்கும்? எந்த அட்டவணையிலும் அதற்கு ஒரு நிரல் இல்லை.

அடர்த்தி வேறு, நெருக்கடி வேறு

உயரமான கட்டடத்தைக் கண்டால் அடர்த்தி அதிகம் என்று நினைப்பது வழக்கம். கொழும்பின் உண்மையான அடர்த்தி பல இடங்களில் தரையோடு தரையாக இருக்கிறது. கொழும்பில் தோட்டம் என்றால் மலையகத் தேயிலைத் தோட்டமல்ல, சிங்களத்தில் 'வத்த' என்பார்களே, அது. ஒரு முடுக்குக்குள் நுழைந்தால் இரு புறமும் ஒரு பேர்ச் அளவில் வீடுகள், பொதுக் குழாய், சில இடங்களில் பொதுக் கழிப்பிடம். 2001இல் மாநகர சபையும் செவநத என்ற அமைப்பும் எடுத்த கணக்கில் இப்படியான குறைந்த வருமானக் குடியிருப்புகள் நகரத்துக்குள் 1,614 இருந்தன. அவற்றில் 77,612 குடும்பங்கள்.

எங்கள் அதே 20 பேர்ச்சில் ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். ஐந்து பேர்ச்சை முடுக்குக்கும் குழாயடிக்கும் விட்டால் மிச்சத்தில் 15 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர், 75 பேர். எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தில் 38. ஒற்றை மாடித் தோட்டம் எட்டு மாடியைப் போல இரண்டு மடங்கு அடர்த்தி! ஆனால் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இந்த எண்ணில் இல்லை. தோட்டத்து வீட்டில் 272 சதுர அடியில் ஐந்து பேர், ஆளுக்கு 54 சதுர அடி. ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்க இடமும். எங்கள் கட்டடத்தில் வீடு ஒன்று ஆயிரம் சதுர அடி என்று வைத்தால் ஆளுக்கு 420 சதுர அடி. நிலத்தில் எத்தனை பேர் என்பது அடர்த்தி. அறையில் எத்தனை பேர் என்பது நெருக்கடி. அடர்த்தி கூடிய இடத்தில் நெருக்கடி இல்லாமல் வாழலாம், மாடி கட்டக் காசிருந்தால். ஆனால் "சனம் கூடிப்போச்சு" என்று நகரத்தில் குறை சொல்லும்போது விரல் நீள்வது எப்போதும் தோட்டத்துப் பக்கம்தான். மூன்று வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் எங்கள் கட்டடத்தை யாரும் சுட்டுவதில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபை 2010களில் கொம்பனித்தெரு உட்படப் பல இடங்களிலிருந்து குடும்பங்களை எடுத்து, தெமட்டகொடை போன்ற பகுதிகளில் கட்டிய உயரமான தொடர்மாடிகளுக்கு மாற்றியது. ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 400 சதுர அடி அளவு. இதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். நகரத்தின் சனத்தொகை மாற்றம்: பூச்சியம். கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் ஒன்று திடீரென்று இறங்கும், இன்னொன்று திடீரென்று ஏறும். பழைய நிலம் வணிகத்துக்குப் போகும். அட்டவணையில் "தேறிய இடப்பெயர்வு" என்று ஒரு நிரலுக்குள் அடங்கும் அந்த எண்ணுக்குள், வாசலில் கடை வைத்துப் பிழைத்த ஒரு பெண் பத்தாம் மாடியில் யாருக்கு அப்பம் விற்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

சரி, அடர்த்தி கூடினால் கெடுதி மட்டும்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் ஐந்து நிமிட நடையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கிறது. காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸுக்கு நான் ஒருநாளும் நேரம் பார்த்ததில்லை, ஒன்று போனால் அடுத்தது வரும். சனம் அடர்ந்திருப்பதால்தான் இடியப்பக் கடைக்கும் பஸ்காரருக்கும் கட்டுப்படியாகிறது. வைத்தியர், மருந்துக் கடை, கோயில், நூலகம் எல்லாம் நடை தூரத்தில் இருப்பது தனியே வாழும் வயோதிபருக்குச் சின்ன விஷயமல்ல.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், சனத்தோடு சேர்ந்து குழாய் வளர்வதில்லை. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் அமைப்பின் அடித்தளம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அது கடலில் போய்ச் சேரும் இரண்டு வாய்களில் ஒன்று வெள்ளவத்தையில், மற்றது முகத்துவாரத்தில். ஒழுங்கைக்குப் பத்து வீடு என்று போட்ட குழாயில் இன்று ஐம்பத்தைந்து வீட்டுக் குசினியும் குளியலறையும் கொட்டுகின்றன. குப்பை இன்னும் தூரம் போகிறது. நகரத்தின் குப்பையைச் சுமந்த மீதொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், சரிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். அந்த மேடு நகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவையில். அடர்த்தி ஒரு பிரிவில், அதன் பாரம் இன்னொரு பிரிவில்.

2024 கடைசியில் எங்கள் கட்டடத்துக்குத் தொகைமதிப்புக்கு ஒரு பிள்ளை வந்தார், கையில் டெப்லட். பூட்டிய வீடுகளைக் காவலாளி விரலால் காட்டினார்: "அது லண்டன், அது கனடா, அது சிட்னி." அன்ரியின் வாசலில் நானும் நின்றேன். வீட்டில் யார் யார் என்று அந்தப் பிள்ளை கேட்டார். அன்ரி மூத்த மகனின் பெயரில் தொடங்கினார். "இங்க இருக்கிற ஆக்கள் மட்டும் அன்ரி" என்றார் பிள்ளை மெதுவாக. அன்ரி கொஞ்ச நேரம் டெப்லட்டைப் பார்த்தார்.

"அப்ப ஒண்டு எண்டு போடுங்கோ பிள்ளை."